பதினோராம் எண் பிளக்

2025 அக்டோபர் 12, ஞாயிறு. காலை 5.40-க்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு, இரண்டும் ஒழுகவில்லை. காபி குடித்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். முந்தின நாள் மழை கொட்டியிருந்தது ஊற்றி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. 7.30-க்குப் படகுக் குறிப்பேட்டுடன் கீழே இறங்கினேன்.

கள்ளிக்குப்பத்தில் ஓர் அடுக்ககத்துக்குச் சொந்தமாக மோட்டார் படகு இருக்கிறது என்றால் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. ஒரு மழைக்காலத்தில் எங்கள் தரைத்தளம் மூழ்கியது. அதற்கடுத்த மாதமே, பயம் தெளிவதற்குள், எல்லோரும் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவிட்டோம். பின்னால் சின்ன பெட்ரோல் இன்ஜின். அன்று முதல் அது கார் நிறுத்துமிடத்தில் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. பராமரிப்பு என் தலையில் விழுந்தது. கூட்டத்தில் "லைஃப் ஜாக்கெட் எத்தனை?" என்று கேட்டவன் நான் ஒருவன்தான்.

சங்கச் செயலாளர் இரண்டாவது கார் வாங்கியிருந்தார். படகு இருக்கும் இடம் அவருக்கு வேண்டும். அதனால் ஒரு தீர்மானம்: ஞாயிறு காலை பின்பக்கத்துக் காலி மனையில், தேங்கியிருக்கும் இடுப்பளவு தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது. ஒழுங்காக ஓடினால் படகு இருக்கும். இல்லையென்றால் விற்றுவிடுவது.

எனக்கு முன்பே தரைத்தளத்துத் தையல்கார அக்கா படகருகே நின்றிருந்தார். அந்த மழையில் அவருடைய இரண்டு தையல் மிஷினும் மூழ்கிப்போயின.

"சார், இன்னிக்கு மட்டும் மானத்தக் காப்பாத்திடுங்க. இன்னொரு வாட்டி மிஷின தண்ணியில வுட்டுட்டு மாடியில நின்னு பாக்க என்னால முடியாது."

"பதினான்கு சோதனைகள் இருக்கின்றன. ஒன்றும் தவறாது" என்றேன்.

எட்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். தெருமுனையில் பைக் பழுது பார்ப்பவர். படகு இன்ஜினையும் பைக்காகவே பாவித்து நன்றாகவே வைத்திருக்கிறார். நான் வரிசையாக வாசித்தேன், அவர் பதில் சொன்னார், நான் டிக் போட்டேன். பெட்ரோல் குழாயில் வெடிப்பு இல்லை. தண்ணீரைத் தள்ளும் காற்றாடி ஆடவில்லை. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிறு சரி.

"நான்கு. பிளக்?"

"புச்சு போட்டுக்கினேன் சார்."

லைஃப் ஜாக்கெட் நான்கு, துடுப்பு இரண்டு, தண்ணீர் இறைக்க ஒரு மக்கு.

"பதினொன்று. பிளக்?"

"இன்னா சார், எத்தினி தபா கேப்ப? அதான் புச்சு போட்டுக்கினேன்னு சொன்னேன்ல."

டிக் போட்டேன். படகின் பின்பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் வட்டமாக, மஞ்சளும் சிவப்புமாக அடைபட்டிருந்தது. திருப்தியாக இருந்தது.

எட்டுப் பேர் தூக்கிப் போய்த் தண்ணீரில் விட்டோம். மெக்கானிக், செயலாளர், அக்கா, நான் என நால்வர் ஏறினோம். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் உறுமியது. பின்னால் மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சியது. இன்ஜின் சூடாகாமல் இருப்பதற்கு அதுதான் அடையாளம்.

"பாத்துக்க சார், கொயந்த ஒண்ணுக்குப் போற மாரி எப்டி வருது" என்றார் மெக்கானிக். மாடிகளிலிருந்து கைதட்டினார்கள். செயலாளரின் முகம் மட்டும் இறங்கியது.

ஒரு சுற்று முடிவதற்குள் அக்கா சொன்னார்: "சார், என் காலு நனையுது."

"நேத்து பேஞ்ச மழைத் தண்ணிம்மா" என்றார் செயலாளர்.

"மழைத் தண்ணி ஏறிக்கினே வருமா?"

அப்போது படகுக்குள், எங்கள் கால்களுக்கு நடுவே, ஒரு சாமந்திப் பூ மிதந்து வந்தது. செயலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அது நான் வெச்ச பூ" என்றார்.

பதினோரு நாளைக்கு முன், ஆயுத பூஜையன்று, படகுக்குப் பொட்டு வைத்தவர் அவர்தான். பின்பக்கத்து ஓட்டையில் சாமந்தியைச் செருகி, மேலே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்திருக்கிறார்.

"பிளக் எங்கே?" என்று மெக்கானிக்கிடம் கத்தினேன்.

"இன்ஜின்லதான் கீது. அது இல்லாமயா வண்டி ஓடுது?"

அந்தக் கணத்தில்தான் புரிந்தது. அவருக்கு உலகத்தில் ஒரே பிளக்தான், அது இன்ஜினில் தீப்பொறி தருவது. பதினோராம் எண்ணில் நான் கேட்டது படகின் அடி ஓட்டையை அடைக்கும் பிளக். படகு தரையில் நிற்கும்போது மழைநீர் வடிய அதைக் கழற்றி வைப்பது வழக்கம். கழற்றியவன் நான். அது மூன்றாம் மாடியில், என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில், 'பிளக் – பத்திரம்' என்று நானே எழுதி ஒட்டிய டப்பாவில் இருந்தது.

செயலாளர் இரண்டு காலையும் பலகை மேல் தூக்கி வைத்துக்கொண்டார். இறங்கி நின்றிருந்தால் இடுப்புவரைதான் தண்ணீர். அது யாருக்கும் தோன்றவில்லை. அக்கா மட்டும் முன்பக்கம் தாவி, திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்தெடுத்தார். பதினோரு நாளில் சுருங்கிக் கெட்டியாகியிருந்தது. ஓட்டையில் வைத்துக் குதிகாலால் ஓர் உதை. கச்சிதமாகப் பொருந்தியது. நான் மக்கால் இறைக்க, இன்ஜின் ஒருமுறைகூட இருமாமல் எங்களைக் கரை சேர்த்தது.

நனைந்த துணியோடே கூட்டம் நடந்தது.

"மெக்கானிக் அலட்சியம். வித்துடலாம்" என்றார் செயலாளர்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து நான்கையும் பதினொன்றையும் உரக்க வாசித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே சொல், என் கையெழுத்தில்.

"அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். தவறு என்னுடையது" என்றேன். டப்பாவைப் பற்றியும் சொன்னேன். ஒட்டிய தாளைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு அதிகமாக இருந்தது.

"அடியில ஓட்ட, அதுல பூவு. அப்டி இருந்தும் நாலு பேரக் கொண்டாந்து சேத்துச்சு" என்றார் அக்கா. "உங்க கார் இத்தச் செய்யுமா சார்?"

செயலாளர் ஈர வேட்டியைப் பிழிந்தார். பூவை வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. படகு இருக்கட்டும் என்று கைகள் உயர்ந்தன.

மறுநாள் காலை 5.40-க்கு எழுந்ததும், பால் எடுப்பதற்கு முன், குறிப்பேட்டில் பதினோராம் வரியை அடித்துவிட்டு 'தக்கை' என்று எழுதினேன். பிறகு டப்பாவிலிருந்து தக்கையை எடுத்துக்கொண்டு கீழே போய், ஒரு முழம் நைலான் கயிற்றில் அதைப் படகோடு சேர்த்துக் கட்டினேன்.