நூத்தி இருபத்தஞ்சு பேர் கேட்ட உத்தரவு

நூத்தி இருபத்தஞ்சு. இந்த எண்ணை மறந்துடாதீங்க.

அன்னைக்கு அந்த மைதானத்துல சிப்பாய் வேஷம் போட்டு மண்ணுல குப்புறப் படுத்திருந்தவங்க, நம்ம ஆளைச் சேர்க்காம, நூத்தி இருபத்தஞ்சு பேர். எல்லாருக்கும் காது நல்லாவே கேக்கும்.

நம்ம ஆளை எல்லாரும் ரெண்டு பட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. நிஜப் பட்டாளத்துல பதினாறு வருஷம் இருந்த மனுஷன். கையில ரெண்டு பட்டை, அதாவது கார்ப்பரல். சிப்பாய்க்கு மேல, சார்ஜண்டுக்குக் கீழ. மூணாவது பட்டை வரவேண்டிய வருஷம் ஒரு கேப்டன் மேப்பைத் தப்பாப் பார்த்து, இவர் குழுவை வேற ஓடைப்பக்கம் அனுப்பிட்டான். மூணு பேர் திரும்பலை. ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி: "கார்ப்பரல் உத்தரவு இல்லாமல் சென்றார்." கேப்டன் மேஜர் ஆனான். இவர் வெளிய வந்தார், சினிமாவுல துணை நடிகரா சேர்ந்தார். நடிக்கிறதுன்னா என்ன, சாகுறதுதான்.

நான் துணை நடிகர் சங்கத்துல இருபத்திரெண்டு வருஷம் செயலாளரா இருந்தவன். கார்டு வாங்க வந்தப்போ, "என்ன தெரியும்?"னு கேட்டேன்.

"சொன்னதைச் செய்யத் தெரியும்."

"அப்ப இங்க நல்லா சாப்பிடலாம், ஆனா மேல வரமாட்டீங்க"ன்னேன்.

"பழக்கம்தான் செயலாளரே"ன்னார்.

சினிமாப் பட்டாளம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மொத்தச் சண்டையும் கேப்டனே போடுவான். கர்னல் மேப் முன்னாடி நின்னு முறைப்பான். சார்ஜண்ட்னா கத்தணும், இல்லைன்னா தொப்பையைக் காட்டிச் சிரிக்க வைக்கணும். கார்ப்பரல்னு ஒருத்தன் உலகத்துல இருக்கிறதே கதை எழுதுறவனுக்குத் தெரியாது. சிப்பாய் பொண்டாட்டி போட்டோவைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான்னா அடுத்த நிமிஷம் காலி. "டேய், போட்டோவை உள்ள வை, குண்டு வரும்"னு நம்ம ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணுவாங்க.

கேமரா நின்னாலும் அந்த வரிசை நிக்காது. போட்ட சட்டைதான் சாப்பாட்டு வரிசையை முடிவு பண்ணும். தோள்ல நட்சத்திரம் இருந்தா நாற்காலி, கண்ணாடி டம்ளர். வெறுந்தோளா இருந்தா தரையும் காகிதக் கப்பும். மீசை நல்லா இருக்குன்னு ஒரு தடவை ரெண்டு பட்டைக்குக் கர்னல் வேஷம் குடுத்தாங்க. டீக்காரர் ஓடி வந்து நாற்காலி போட்டார். இவர் உக்காரலை. பக்கத்துல நின்னே குடிச்சார்.

அந்த வேஷம் ஒரு நாள்கூட நிக்கலை. கதைப்படி ஹீரோ கேப்டன். டைரக்டர் வந்து, "ஐயா, ஹீரோ உள்ள வரும்போது நீங்க எந்திரிச்சு சல்யூட் அடிங்க"ன்னார்.

"நான் கர்னல் சார். அவர்தான் எனக்கு அடிக்கணும்."

"அவர் அடிச்சா ரசிகருங்க தியேட்டரைக் கொளுத்திடுவாங்க. அடிங்க ஐயா."

கை மேல போகவே இல்லை. மூணு டேக் பார்த்தாங்க. சாயங்காலம் கர்னல் சட்டையைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க. காஸ்ட்யூம் வண்டியில இஸ்திரி போடுறது அவர் வீட்டம்மாதான். "ஒரு நாளாவது கர்னல் பொண்டாட்டியா இருந்திருப்பேன், கெடுத்துட்டீங்களே"ன்னு சிரிச்சுக்கிட்டே சிப்பாய் சட்டையை எடுத்துக் குடுத்தாங்க.

ஆனா ஹீரோவுக்கு இவரைப் பிடிச்சுப்போச்சு. ஹீரோவுக்கு அம்பது வயசு, கதையில அந்தக் கேப்டனுக்கு இருபத்தெட்டு. தொப்பையை அடக்க ரெண்டு பெல்ட். "ஐயா, நிஜமாவே ஒரு கேப்டன் எப்படி உத்தரவு குடுப்பான்? சொல்லிக்குடுங்க"ன்னு கேட்டார். இவரும் பத்து நாள் சொல்லிக்குடுத்தார். தொண்டையில கத்தாதீங்க சார், அடிவயித்துலேர்ந்து வரணும். கேக்கிறவன் யோசிக்கக்கூடாது, அவன் கால் போகணும். பத்தாவது நாள் அந்தக் குரல் வந்துருச்சு. வண்டிக்குள்ள இருந்த வீட்டம்மா இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்திட்டாங்களாம்.

பதினோராவது நாள் வெடி சீன், அதோட படப்பிடிப்பே முடியுது. மண்ணுல எட்டுக் குழி, உள்ள மருந்து. வெடி மாஸ்டரோட விதி ஒண்ணே ஒண்ணு. சிவப்புக் கொடி இறங்கி, விசில் ஊதினாத்தான் ஓடணும். யார் கத்தினாலும் விசில்தான் கணக்கு. கேமரா ஓடிக்கிட்டிருக்கு, கொடி மேலேயே இருக்கு. ஹீரோவுக்கு உணர்ச்சி பொங்கிருச்சு. அடிவயித்துலேர்ந்து, "முன்னேறு!"

நூத்தி இருபத்தஞ்சு பேரும் கேட்டாங்க. யாரும் அசையலை, அவங்க நடிகருங்க, விசிலுக்குக் காத்திருந்தாங்க. ரெண்டு பட்டை மட்டும் எந்திரிச்சு ஓடினார். நாலாவது குழி.

இடது கால் முட்டிக்குக் கீழ போச்சு. வைத்தியச் செலவெல்லாம் கம்பெனியே பார்த்துக்கிட்டுது, அதுல குறை சொல்ல முடியாது. அப்புறம் தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினாங்க. அதோட நகலை நான்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுக் காட்டினேன். "துணை நடிகர் உத்தரவு இல்லாமல் ஓடினார்."

மனுஷன் காலைக்கூடக் குனிஞ்சு பார்க்காதவர், அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"செயலாளரே, எனக்கு வேற எதுவும் வேணாம். இந்த வரி மாறணும். ஏற்கெனவே ஒருவாட்டி சுமந்துட்டேன். இன்னொருவாட்டி முடியாது."

ரெண்டு மாசம் இழுத்தடிச்ச தொழிலாளர் ஆபீசர் கெட்டவன் இல்லை, சோம்பேறி. "உத்தரவு குடுத்திருந்தா மத்தவன் ஏன் ஓடலை?"ன்னு கேட்டான். அவனுங்க யாரும் பதினாறு வருஷம் பட்டாளத்துல இல்லையேன்னேன். "கம்பெனி பக்கம் அஞ்சு பேர் சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்டிருக்காங்க. நீங்களும் மைதானத்துல படுத்திருந்தவங்கள்ல அஞ்சு பேர் கையெழுத்து கொண்டாங்க, வரியை மாத்தறேன். அடுத்த மாசம் பத்தாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிவரை"ன்னான்.

நூத்தி இருபத்தஞ்சுல அஞ்சு. ஊர்வலத்துக்கு ஆயிரம் பேரைத் திரட்டினவன் நான், இது ஒரு வேலையான்னு நினைச்சேன். வீடு வீடா ஏறினேன். "நான் அன்னைக்குக் கடைசி வரிசைண்ணே." "காதுல பஞ்சு வெச்சிருந்தேன்." "அடுத்த படம் அதே கம்பெனிதான், புரிஞ்சுக்கங்க." பொணம்னு ஒருத்தன் உண்டு, கண்ணு சிமிட்டாம ஒரு மணி நேரம் பிணமாக் கிடப்பான், அன்னைக்கு ரெண்டு பட்டைக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தான். அவனும் தலையைச் சொறிஞ்சான். "பொணம் பேசினா அடுத்த சீனுக்கு எவன்ண்ணே கூப்பிடுவான்?"

அதுக்குள்ள படம் வந்துருச்சு. "அந்த டேக்கைத்தான் வெச்சிருக்காங்களாம், அதுல சத்தம் இருக்கும்"னு ரெண்டு பட்டை கட்டையை ஊன்றி எந்திரிச்சார். அவர், வீட்டம்மா, பொணம், நான், நாலு பேரும் பகல் காட்சிக்குப் போனோம்.

அதே டேக்தான். அதே குழி, அதே கால். குரலை மட்டும் மாத்திட்டாங்க. கேமரா கேப்டனோட முதுகைத்தான் பார்க்குது, வாய் தெரியாது. "போகாத! நில்லு!"ன்னு கேப்டன் கதறுறார். சிப்பாய் கேக்காம ஓடிச் செத்துப்போறான். கேப்டன் மண்டி போட்டு அழுறார், பாட்டு வருது. நிஜத்துல அந்த நேரம் ஹீரோ கதவைச் சாத்திக்கிட்டு தன் வண்டிக்குள்ள இருந்தார்.

முன் சீட்டுல ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "பாவம் அந்தக் கேப்டன். சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம்ல இந்த ஆளு."

வெளிய வந்ததும் வீட்டம்மா அவரைப் பார்த்தாங்க. "அந்தக் குரலைச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே"ன்னாங்க. அவர் தலையாட்டினார். பொணம் அங்கேயே பேனா கேட்டான்.

அவனைப் பார்த்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் கையெழுத்து போட்டாங்க. சினிமாவே வேணாம்னு லாரி ஓட்டப் போறவன் ஒருத்தன் போட்டான். அஞ்சாவது ஆள், "பத்தாம் தேதி நேர்ல வந்து போடறேன், என் பிள்ளை மேல சத்தியம்"னான்.

பத்தாம் தேதி மத்தியானத்துலேர்ந்து தொழிலாளர் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்திருந்தோம். ரெண்டு பட்டை சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டு, ஒத்தைக் கால்லயும் விறைப்பா. நாலே முக்காலுக்கு வீட்டம்மா வேலை இடத்துலேர்ந்து எனக்கு போன் பண்ணாங்க.

"அண்ணே, அந்தாளு வரமாட்டான். அடுத்த படத்துல அவனுக்கு சார்ஜண்ட் வேஷம், வசனம்கூட இருக்காம். மூணு பட்டை தைச்ச சட்டையை இப்பதான் இஸ்திரி போட்டு அவன் கையில குடுத்தேன். அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். "மூணு பட்டையா?"ன்னு கேட்டார். ஆபீசர் வெளிய வந்து கடிகாரத்தைப் பார்த்துட்டு, பழைய வரிக்குக் கீழயே முத்திரை குத்தினான்.

நூத்தி இருபத்தஞ்சு பேர் கேட்டாங்க. கையெழுத்து, நாலு.