கீறல் விழுந்த தோல்

திண்டுக்கல் பேகம்பூரில் கணவர் விட்டுப்போன தோல் கொட்டகையை நுஸைபாதான் நடத்தினாள். கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்குவாள். ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கத்தியால் சீவி, கல்லுப்பைத் தேய்த்து அடுக்கி, தரகரிடம் விற்பாள். கூடவே உழைத்தவன் அவள் தம்பி இஷாக்.

அந்த வருடம் பக்ரீத் முடிந்ததும் ஊர் ஊராகத் தோல் குவிந்தது. தரகர் பொன்னுத்துரை லாரியோடு வந்து, முந்தைய விலையில் கால்வாசிதான் சொன்னார்.

"உப்புக்கே காணாதுண்ணே. அம்புட்டுத் தோலையும் நானும் தம்பியும் கையால சீவியிருக்கோம். பட்ட பாட்டுக்கு வெலையில்லையா?"

"பாடு உன்னோடது தாயி. வெளியூர்ல மிசின்ல சீவுறான். நீ பொழுதுக்கும் சீவுறத அவன் செத்த நேரத்துல முடிச்சிருவான். சந்தை அவன் நேரத்துக்குத்தான் வெல போடும்."

"அப்ப அங்கனயே போயி வாங்குங்க. நான் தரல."

பொன்னுத்துரை இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். அடுக்கின் மேலிருந்த தோலை நடுவாகக் கிழித்தார். அடுத்ததையும் கிழித்தார்.

"கீறல் விழுந்த தோலு. இனி எவன் வாங்குவான்? இப்பச் சொல்லு."

இஷாக் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். பின்னாலிருந்து லாரி டிரைவர் இரும்புக் கம்பியால் அடித்தான். இஷாக்கின் புருவம் பிளந்து ரத்தம் உப்பின் மேல் கொட்டியது. விழுந்தவன்மேல் கம்பி மறுபடியும் ஓங்கியபோது, நுஸைபா உப்பு அள்ளும் மண்வெட்டியை எடுத்து டிரைவரின் முழங்கையில் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு ஓடினான். கத்தியோடு வந்த பொன்னுத்துரைக்கு முழங்காலில் அடி விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் விழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. கறிக்கடைக்காரர்கள் ஓடிவந்துதான் இழுத்துப் பிடித்தார்கள்.

இரண்டு பக்கமும் வழக்குப் பதிவானது. இஷாக் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. நுஸைபா ஜெயிலுக்குப் போனாள். ஜாமீனில் திரும்பியபோது, கொட்டகைக்குள் மழைத்தண்ணீர் இறங்கித் தோலெல்லாம் புழுத்திருந்தது. அவளும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த தம்பியும் மூக்கைக் கட்டிக்கொண்டு அதைக் குழியில் தள்ளினார்கள்.

"பட்ட பாடெல்லாம் மண்ணுக்குள்ள போகுதே லாத்தா," என்று அக்காவிடம் சொன்னான் இஷாக்.

"உசுரு மிஞ்சுச்சு. அள்ளு."

இப்போது அவள் வேடசந்தூர் நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறாள். வாய்தா நாளில் லீவு போட்டுவிட்டுத் தம்பியோடு கோர்ட்டுக்குப் போவாள். ஒருமுறை பொன்னுத்துரை ஊன்றுகோலோடு பக்கத்தில் வந்தார்.

"சமாதானமாப் போயிருவோம் தாயி."

"இவன்கிட்டக் கேளுங்க," என்றாள்.

இஷாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.