மெக்கானிக் அக்காவின் ஆன்டகனிஸ்ட்

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், நாற்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பகலெல்லாம் ஸ்கூட்டர் பழுது பார்க்கிற கை. என்ன சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. ஊருக்கே அவள் மெக்கானிக் அக்கா.

முதல் இங்கிலீஷ் தேர்வில் ஒரு கேள்வி: டாக்டருக்கு பேஷண்ட் என்றால், மெக்கானிக்குக்கு? தன் தொழிலே கேள்வித்தாளில் வந்துவிட்ட குஷியில் 'ஸ்பானர்' என்று எழுதிவிட்டாள்.

"முதல் ஜோடியை ஒரு வாக்கியமா சொல்லிப் பாருங்க அக்கா," என்றார் இளவயசு வாத்தியார். "டாக்டர் பேஷண்டை சரிபண்ணுவார். நீங்க ஸ்பானரையா சரிபண்றீங்க?"

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். "அடடா, வண்டி சார், வண்டி!"

அன்றிலிருந்து இந்த ஜோடிக் கேள்விப் பைத்தியம் அவளைப் பிடித்துக்கொண்டது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட நாலு ஜோடிக்குப் பதில் சொல்லாமல் வண்டியை எடுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஒரு கதைப் பாடம். படகோட்ட ஆசைப்படும் பையன். மூத்த மகனைக் கடல் கொண்டுபோன பயத்தில் துடுப்பை ஒளித்து வைக்கும் அப்பா.

"இதுல ஆன்டகனிஸ்ட் யாரு?" என்று கேட்டார் வாத்தியார்.

"வில்லனே இல்லையே சார்," என்றார்கள் மற்றவர்கள்.

அவள் துள்ளி எழுந்தாள். "அப்பாதான் சார்! அவர் நல்லவர்தான். ஆனா பையனோட ஆசைக்குக் குறுக்க நிக்கிறது அவர்தானே?"

வாத்தியார் மேஜையைத் தட்டினார். "அதேதான்க்கா!"

கால் தரையில் பாவாமல் வீடு வந்து, மூச்சுவிடாமல் மகளிடம் ஒப்பித்தாள். மகள் கபடி வீராங்கனை. விளையாட்டு விடுதியில் சேர இடம் கிடைத்தும், 'கைகால் ஒடிஞ்சா என்ன பண்ணுவே' என்று அம்மா கையெழுத்துப் போட மறுத்து மூன்று வாரமாகிறது.

"சரிம்மா," என்றாள் மகள். "அந்தப் பையனுக்கு அப்பா. எனக்கு?"

மெக்கானிக் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது.

"அடிப்பாவி," என்றாள். "நானாடி?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் விடுதிக்குப் போனார்கள். அறை, குளியலறை, மைதானம் எல்லாம் பார்த்தாள். கடைசியில், பிள்ளைகளைப் போட்டிகளுக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு அடியில் படுத்து பிரேக்கையும் பார்த்தாள். ஓட்டுநர் வாயைப் பிளந்து நின்றார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "பேனா கொடுங்க," என்றாள்.