காயப்போட்ட உடம்பு

எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா நடக்க மாட்டார்கள். ரோட்டில் ஒருவர் நடந்து போகிறார் என்றால், ஒன்று பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார், இல்லையென்றால் வண்டி பஞ்சராகியிருக்கும். இதை யோசிக்காமல் ஐப்பசியில் ஒரு காலை, தொண்ணூற்று நான்கு கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் ரோட்டில் இறங்கினேன். முதல் கிலோமீட்டருக்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்தினார்கள்.

"இன்னாண்ணா, நடந்துக்கினு போற? வண்டி இன்னா ஆச்சி? குந்து, வுட்டுட்டுப் போறேன்."

"இல்லப்பா, சும்மாதான் நடக்கறேன்."

"சும்மாவா?"

மூன்றாவது ஆளுக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் வண்டியில் ஏற எனக்குக் கௌரவம் இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நான்காவதாக ஒருவர் நிறுத்தியபோது நான் வாயே திறக்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் நடைப்பயிற்சி பைக்கின் பின்சீட்டில் முடிந்தது. மறுநாள் முதல் ஏரிக்கரைக்கு மாறினேன்.

நான் உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் நிலமும் உண்டு. இருபது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் பயிருக்கு என்ன போடலாம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த உடம்பு இது. ஒரு யூரியா மூட்டை நாற்பத்தைந்து கிலோ. நான் இரண்டு மூட்டை, அதற்கு மேல் நான்கு கிலோ. அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. கவலை என் தங்கையால் வந்தது.

தங்கையைப் பழையசீவரத்தில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய இரண்டு கிட்னியும் நின்றுபோய் இரண்டு வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் காஞ்சிபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள். கிட்னி கொடுக்கலாம் என்றால் அம்மாவுக்குச் சர்க்கரை. மாப்பிள்ளைக்கு ரத்தம் சேரவில்லை. மிச்சம் நான்தான். எனக்கு எல்லாம் சேர்ந்தது, எடையைத் தவிர. சென்னையில் டாக்டரம்மா என் காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எண்பதுக்குக் கீழே வாங்க. இந்த எடையில உங்களை ஆபரேஷன் டேபிள்ல படுக்க வைக்க மாட்டேன்" என்றார். ஐந்து மாதம் கொடுத்தார். அதற்கு மேல் தள்ளிப்போடுவது நல்லதில்லை, உங்கள் தங்கைக்கு ஊசி போட்டுப் போட்டுக் கை நரம்பெல்லாம் கெட்டுக்கொண்டே வருகிறது என்றும் சொன்னார். பதினான்கு கிலோ. பஸ்ஸில் வரும்போது என் வயிற்றை நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தங்கைக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. காபி, குழம்பு, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், இதுவரை காலைக்கு, இதுவரை மதியத்துக்கு என்று. கோடைக்காலத்தில் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாது. அவள் வீட்டில் தண்ணீர்க் குடத்தைப் பின்பக்கம் மாற்றிவிட்டார்கள். அவள் எதிரில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தானாக வந்த பழக்கம். நானும் அங்கே போனால், கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் குழாயடியில் திருட்டுத்தனமாகத்தான் குடிப்பேன்.

தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்வாள்.

"இன்னிக்கி எத்தினிண்ணா?"

"தொண்ணூத்தி ஒண்ணு. ஒனக்கு?"

"ரெண்டு ஏறிக்கினு கீது. இன்னிக்கி நர்ஸம்மா கையில திட்டு கீது."

அவளுக்கு ஏறுவது தண்ணீர். எனக்கு இறங்க வேண்டியது கொழுப்பு. அண்ணன் தங்கை இரண்டு பேரும் தராசுக்குப் பயந்துகொண்டு எழுந்திருந்தோம்.

முதல் மாதம் ஐந்து கிலோ இறங்கியது. தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா என்று நினைத்து, ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த சாப்பாட்டுக் காகிதத்தை நானே திருத்தினேன். காலைக்கு மூன்று இட்லி என்றிருந்ததை ஒன்றாக்கினேன். மதியத்துக்கு ஒரு கப் சோறு என்றிருந்ததை அரை கப் ஆக்கினேன். முக்கால் மணி நேர நடையை ஒன்றரை மணி ஆக்கினேன். அளவுக்கு மேல் உரம் போடாதீர்கள், பயிர் கருகிப்போகும் என்று கடையில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிற ஆள் நான்தான்.

கார்த்திகை முடிவதற்குள் களைப்பு வந்து சேர்ந்தது. வயல்வேலை செய்தவனுக்கு வருகிற களைப்பு இல்லை அது. அவன் படுத்தால் தூங்கிவிடுவான். எனக்குப் படுத்தால் தூக்கம் இல்லை, எழுந்தால் தெம்பு இல்லை. கடை வாசலில் இரண்டே படி, அதில் ஏறும்போது தொடை நடுங்கும். உட்கார்ந்தால் எழுந்து நிற்க வேண்டும் போலிருக்கும், நின்றால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். மனைவி என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுந்ததற்காக ஒரு நாள் தட்டையே தள்ளிவிட்டேன். "தங்கச்சிக்கு கிட்னி குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு கொஞ்சம் நிம்மதி குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். நியாயமான பேச்சு. அதற்கும் கத்தினேன்.

ஏரிக்குக் கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. கரைமேல் நான் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது சுற்றுப் போவதைப் பார்த்து, சேற்றில் குனிந்திருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார்.

"இன்னாண்ணா, வூட்ல சண்டையா? சுத்திக்கினே கீறீங்க?"

"ஒடம்பு எளைக்கணும்மா."

"எறங்கி வாங்க, நாலு நாளு நட்டா எளைச்சிடும். கூலிகூட தருவாங்க."

வயலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கே எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் வரப்பில் சோற்றுத் தூக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கியிருப்பார்கள், மறுபடி சாப்பிடுவார்கள். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், பூச்சி மருந்து கேட்டவருக்குக் களைக்கொல்லி பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். படித்துப் பார்த்துவிட்டு, "ண்ணா, இத்த அட்ச்சா பயிரே பூடுமே" என்றார். வாங்கி மாற்றிக் கொடுத்தேன். படிக்காமல் வாங்கிப் போயிருந்தால் ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பு போயிருக்கும். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்தினேன். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, என்னதான் ஆயிற்று எனக்கு என்று யோசித்தேன்.

மாசியில் எடை எண்பத்திரண்டில் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். என்ன செய்தாலும் எண்பத்திரண்டு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வாரமும் அதே எண்ணைப் பார்த்தபோது, எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. எடை இறங்காவிட்டால் கத்தி இல்லை. குற்றமும் என்மேல் இல்லை, நான்தான் பட்டினி கிடந்து பார்த்துவிட்டேனே. இந்த எண்ணம் வந்ததும் தராசிலிருந்து இறங்கி, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இத்தனை நாள் களைப்பு களைப்பு என்றேனே, அதில் எவ்வளவு உடம்பின் களைப்பு, எவ்வளவு பயம் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்று காலை போனில் தங்கை "எத்தினிண்ணா?" என்றபோது "எண்பத்தி ஒண்ணு" என்று பொய் சொன்னேன்.

அந்த வாரம்தான் எங்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கருவியில் நாலு நெல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஈரம் கீதுண்ணா. ரெண்டு நாள் காய வெச்சி எத்துக்கினு வா. எடுத்துக்கறேன்."

வழக்கமான பேச்சு. எல்லா வருடமும் கேட்பதுதான். திரும்பக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டினோம். தார் ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பி, மேலே இருக்கிற நெல் கீழே போக, கீழே இருக்கிறது மேலே வர, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிவிட வேண்டும். வெறுங்காலோடு அப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. டாக்டரம்மாவைப் பார்க்க இன்னும் மூன்று நாள். இறங்க வேண்டியது இரண்டே கிலோ. அதுவும் வெறும் ஈரமாகத்தானே இருக்கும்?

நெல்லும் நானும் சேர்ந்து காய்ந்தோம். தண்ணீரை நிறுத்தினேன். தொண்டை ஒட்டும்போது ஒரு மடக்கு மட்டும். இரண்டு நாளும் ஆள் வைக்காமல் நானே உச்சி வெயிலில் நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டாம் நாள் மதியம் ரோடு கொஞ்சம் ஆடியது. சிறுநீர் கடுங்காபி நிறத்துக்கு வந்தது. நெல் பாஸாகிவிட்டது. நானும் பாஸாகிவிட்டேன், எழுபத்தொன்பது புள்ளி ஆறு. டாக்டரம்மா தராசைப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார். ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார்கள். தங்கைக்குப் போன் போட்டு "ஆச்சிம்மா" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து உடனே வரச் சொன்னார்கள். போனேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்க கிட்னி ரிப்போர்ட்டே சரியில்லை. போன தடவை நல்லா இருந்துது. என்ன பண்ணீங்க?"

நெல்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"நாங்க உங்ககிட்ட வாங்கப் போறதே கிட்னியைத்தான். அதைக் காயப்போட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகு மறுபடி எல்லாப் பரிசோதனையும். அநேகமாகச் சரியாகிவிடும், ஆனால் இப்போது எதுவும் சொல்ல முடியாது. அதுவரை தேதி பற்றிப் பேச வேண்டாம் என்றார். அந்த ஒரு மாதம் என்னுடையதில்லை, தங்கையினுடையது. பன்னிரண்டு தடவைக்கும் மேல் ஊசி.

போனில் சொல்ல வாய் வரவில்லை. நேராகப் பழையசீவரம் போனேன். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாள். கையில் பிளாஸ்டர், மடியில் பாட்டில். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். வெயிலில் காய்ந்ததைச் சொன்னேன். எண்பத்தொன்று என்று பொய் சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எடை நின்னுப்போச்சில்ல, அப்போ எனக்கு உள்ள சந்தோஷமா இருந்துதும்மா. தப்பிச்சோம்னு இருந்துது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நானும் ரெண்டு தபா வேண்டிக்கினேண்ணா. ஒனக்கு எடை எறங்கவே கூடாதுன்னு."

"இன்னா சொல்ற?"

"நீ டேபிள்ல படுத்துக்கினு கீற மாதிரியே கனா வரும். அண்ணிகிட்ட நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். தாகத்தைப் பற்றி அவளிடம் மறைக்க முடியாது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பெரிய சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். தளும்பி அவள் விரல்மேல் வழிந்தது.

"குடி."

"நான் பின்னாடி போய் குடிச்சிக்கறேம்மா."

"தெரியும், ரெண்டு வருசமா அங்கதான் குடிக்கற. எல்லாரும் அங்க போய்தான் குடிக்கறீங்க. எனக்கு காது செவிடு ஆவல." சொம்பை என் கையில் வைத்து அழுத்தினாள். "இங்கயே குடி. என் எதிர்ல."

வாங்கினேன். விளிம்பில் வாயை வைக்கப் போனேன். அவள் தடுத்தாள்.

"வாய் வெச்சி குடிக்காதண்ணா. தூக்கிக் குடி. தண்ணி வுழறத பாக்கணும்."

அண்ணாந்து சொம்பைத் தூக்கினேன். முழுச் சொம்பும் குடித்து முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. கீழே வைத்தபோது, மடியில் இருந்த பாட்டிலை ஒரு முறை பார்த்துவிட்டு, மூடியைத் திறக்காமலே சொன்னாள்.

"இன்னொரு சொம்பு எத்தாரட்டா?"