ஜைபுன்னிஸாவுக்கு நான் சொன்ன முடிவு

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தகவல் வந்தது. வேலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. ஜைபுன்னிஸாவின் தம்பி அனுப்பிய ஆள் இறங்கி, "அக்கா போய்ட்டாங்கம்மா. மூணு நாள் ஜுரம்தான். விடிகாலைல மூச்சு அடங்கிடுச்சி" என்றான். கரும்பலகையில் நான் பாதி வரி எழுதியிருந்தேன். அதை முடிக்கவும் தோன்றவில்லை, அழிக்கவும் தோன்றவில்லை. காட்பாடிக்கு ஓடி ரயில் ஏறினேன். ஆம்பூர் வருவதற்குள் மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அம்மாள், "இன்னாம்மா, மூட்டப்பூச்சியா?" என்று கேட்டே விட்டாள்.

வாணியம்பாடியில் அவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "நல்லா வாழ்ந்துட்டுப் போனா. தங்கமான புருஷன், நாலு புள்ளைங்க. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி எழுந்தேன். ஒரு குறை இருந்தது. அதை வைத்தவள் நான். அவளை அறிந்தவர்கள் அதையும் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவளுடைய மரப்பெட்டியிலிருந்து புத்தகம் இரவல் வாங்கியவர்கள். திருப்பித் தரும்போது அவள் விடமாட்டாள். "கடைசிப் பக்கம் வரிக்கும் படிச்சியா? இன்னா ஆச்சி, சொல்லு" என்று குறுக்கு விசாரணை செய்வாள். பாதியில் நிறுத்தியவர்களுக்கு அதே புத்தகம்தான் திரும்பவும் கிடைக்கும். மாமியாரே தேவலை என்று நீங்கள் முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இல்லை. சிரிப்பாள், ஆனால் விடமாட்டாள். அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

ஆம்பூரில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம். பதினோரு வயதில் அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். என் அப்பா கம்பவுண்டர். கடைத்தெரு வாசகசாலையில் அவர் பெயரில் வாரம் ஒரு புத்தகம் வாங்கிவருவேன். எனக்குப் புத்தகத்தைவிட அதை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் பிடிக்கும். இரண்டு நாளில் புரட்டிவிட்டு, தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் எழுத்து எழுத்தாக, வாய்விட்டுப் படிப்பாள். புத்தகத்தை வேறு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது வாசகசாலையின் சட்டம். எங்களுக்கு அது தெரியும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று இருந்தோம்.

ஒரு வாரம் வந்த புத்தகத்துக்கு அட்டை கிழிந்திருந்தது. பாவம் பார்த்து ஜைபு அதற்கு உறை தைத்தாள். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் பழைய துணியைத் தேடியிருப்பாள். இவள், ஷெட்டில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து எடுத்துக் காயப்போட்டிருந்த ஆட்டுத்தோலில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டாள். மறுநாள் திருப்பித் தர வேண்டுமே என்ற அவசரம். தோல் மேலுக்குக் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். இழுத்துத் தைத்து வெயிலில் வைத்ததும் அது சுருங்கிப் புத்தகத்தையே பொரித்த அப்பளம்போல வளைத்துவிட்டது. "தோல்காரன் வூட்டுப் பொண்ணு, ஈரத்தோலு எது காஞ்சது எதுன்னு தெரியலியா?" என்று அவள் அப்பா தலையில் அடித்துக்கொண்டாராம்.

வாசகசாலை நாயுடு அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். நாற்றம் வேறு. "இன்னா பாப்பா இது? புத்தகமா, செருப்பா? யார் பண்ண வேலை?" என்றார். நான் பயந்து, "நான் இல்ல சார், ஜைபு" என்று உளறிவிட்டேன். அதோடு எல்லாம் வெளிப்பட்டது. "இனிமே வீட்டுக்குப் புத்தகம் கெடையாது. படிக்கணும்னா இங்கியே குந்திக்கினு படி" என்று சொல்லிவிட்டார்.

ஜைபு என்னைத் திட்டவில்லை. "பரவால்ல எஸ்தரு. நீ அங்க படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள். அவளுக்குப் புத்தகம் வர வேறு வழி இல்லை. ஆனால் என்னால் அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார முடிந்ததில்லை. முதல் நாற்பது பக்கம் படிப்பேன். மீதியை வரும் வழியில் நானே கட்டிவிடுவேன். வெளியூருக்குக் கப்பலேறிப் போய்ப் படிக்க ஆசைப்பட்ட ஒரு வியாபாரி மகள் கதை வந்தது. அவள் துறைமுகத்தில் அழுது, மனம் மாறி, அப்பாவிடமே திரும்பிவிட்டாள் என்று முடித்தேன். ஜைபு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்குப் பதினாலு வயதானபோது வாணியம்பாடியிலிருந்து சம்பந்தம் வந்தது. அதே சமயம் வேலூரில் இருந்த அவள் பெரியப்பா, தன்னோடு அனுப்பினால் வாத்தியார் வேலைக்குப் படிக்க வைப்பதாகச் சொன்னார். அவள் அப்பா நல்ல மனிதர். "உன் இஷ்டம்மா" என்று மூன்று நாள் தவணை கொடுத்தார். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கப்பல்காரி கதைய இன்னொரு தபா சொல்லேன்" என்றாள். முன்பைவிட அழகாகச் சொன்னேன். மறுநாள் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். வேலூருக்குப் படிக்கப் போனது நான்தான்.

பத்து வருஷம் கழித்து, தோல் விற்கப் பட்டணம் போன அவள் கணவர் ஆசையாக ஒரு கட்டுப் பழைய புத்தகம் வாங்கிவந்தார். அதில் அந்தக் கதையும் இருந்தது. அடுத்த முறை நான் போனபோது அதை என் மடியில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பெண் வீடு திரும்பவில்லை. கப்பலேறிப் போய்ப் படித்து, அந்த ஊரிலேயே பள்ளிக்கூடம் வைத்தாள். "நீ இத படிச்சியா, இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். ஒரு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. அந்த வருஷம்தான் அந்தப் பெட்டியை வைத்து உங்களுக்கெல்லாம் புத்தகம் கொடுக்கத் தொடங்கினாள்.

போன பொங்கல் விடுமுறையில்தான் எனக்குக் கேட்கும் தைரியம் வந்தது. "நெஜமான முடிவு தெரிஞ்சிருந்தா நீ வேலூருக்குப் போயிருப்பியா ஜைபு?"

"தெரியல. போயிருக்க மாட்டேனோ இன்னாவோ" என்றாள். கோபமே இல்லை. "ஆனா யோசிக்கறதுக்கே நீ வுடலியே."

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பதில். வகுப்பில் கதை சொல்லும்போது பிள்ளைகள், "அப்பறம் இன்னா ஆச்சி டீச்சர்?" என்கிறார்கள். "தெரியாதும்மா, நான் இன்னும் அதுவரைக்கும் படிக்கல" என்று இப்போது கூசாமல் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒருத்தியிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.