டீசல் கேனில் மீன் செதில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைதான். போன வாரம் நடந்ததே முன்னும் பின்னுமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். இந்த வாரம் இன்ஜின் ரிப்பேர் பற்றி எழுதப் போகிறேன்... சிரிக்காதீர்கள்!

என் மகள் மல்லிகா பிக்கப் வண்டி ஓட்டுகிறாள். திருமலைராயன்பட்டினத்தில் மீன் ஏற்றி, தஞ்சாவூரில் ஒரு மெஸ்ஸுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். மாப்பிள்ளை துபாயில். வண்டி இங்கே, ஸ்டியரிங் அங்கே — வாட்ஸ்அப் வழியாக.

அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஓடும்போது ஒழுங்காக ஓடும். நின்றால் ஆஃப். சிக்னலில் ஆஃப். ரயில்வே கேட்டில் ஆஃப். பின்னால் இருப்பவர்கள் அடிக்கும் ஹாரன் இருக்கிறதே... துணைக்குப் போன நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். என்னமோ நான்தான் ஓட்டினாற்போல!

இரண்டு தடவை மீன் லேட். "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற வண்டிய பாத்துக்குறேம்மா" என்று மெஸ்காரர் சொல்லிவிட்டார். மல்லிகாவுக்கு நிரந்தர ஆர்டர் என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஆலோசனைக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி என்றார். அவர் ஸ்கூட்டரைத் தள்ளவே தினம் ஆள் தேடுகிறவர். என் நாத்தனார் திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழம் கட்டினோம். ரயில்வே கேட்டில் எலுமிச்சம்பழத்தோடு ஆஃப் ஆனது. மாப்பிள்ளையோ, "நீ கிளட்ச்ச சரியா மிதிக்கல" என்றார். துபாயில் உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டி கால் எங்கே மிதிக்கிறது என்று தெரிகிறது பாருங்கள்!

கடைசியில் கோவில்பத்து மெக்கானிக் இஸ்மாயில் பாயிடம் போனோம். ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தை, ஏற்றிவைத்தார். ரைஸ் மில் மாதிரி கத்திவிட்டு ஆஃப். ஏர் ஃபில்டரைத் தட்டி மாட்டினார். ஆஃப். பிறகு டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். மேலே டீசல். அடியில் தண்ணீர்! முகர்ந்து பார்த்துவிட்டு மல்லிகாவிடம் கேட்டார்.

"என்னா தங்கச்சி, கவுச்சி அடிக்குது?"

"மீன் வண்டிதானே பாய்?"

"வண்டி மீன் வண்டி, சரி. இன்ஜினுக்குமா கொழம்பு வச்சே?"

விஷயம் இதுதான். எங்கள் காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது; டீசல் விலை குறைவு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கூடுதல். ஆகவே மாப்பிள்ளையின் கட்டளை — வெளியூரில் ஒரு சொட்டு அடிக்கக்கூடாது! நம் ஊர் டீசலைக் கேனில் பிடித்துப் போய், வழியில் ஊற்றிக்கொள்ள வேண்டும். கேன் பயணம் செய்வது ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில். மூடி எப்போதோ தொலைந்து, துணி அடைத்திருந்தது. உருகிய ஐஸ் தண்ணீர் பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கி, அந்தத் துணி வழியாக இறங்கி...

பாய் கேனைக் கவிழ்த்தார். தண்ணீரோடு ஒரு மீன் செதிலும் விழுந்தது. இப்படிச் சிக்கனம் பிடிக்க எங்கள் ஊர்க்காரர்களை விட்டால் ஆள் ஏது?

"ஓடும்போது எப்புடியோ சமாளிச்சிடுது. நின்னா மூச்சு முட்டுது" என்றார் பாய். டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றி, வீடு போய்ச் சேரும் அளவுக்கு டீசல் ஊற்றி அனுப்பினார்.

மறுநாள் காலை மீன் ஏற்றியாயிற்று. எங்கள் ஊர் பங்க்கில் பார்த்தால், விலை குறைவென்று வந்த வெளியூர் வண்டிகளாக வரிசை. மல்லிகா வரிசையைப் பார்த்தாள். ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

"அவுங்க இங்க வராங்க. நாம அங்க போவோம்மா" என்று வண்டியைத் திருப்பினாள். எல்லை தாண்டி, முதல் பங்க்கிலேயே டேங்கை நிரப்பச் சொன்னாள். நான்தான் மீட்டரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். இன்ஜின் மட்டும் நிற்கவில்லை.

மெஸ்காரர் மணியைப் பார்த்தார். "நாளைக்கு வஞ்சிரம் கூட ரெண்டு போடும்மா" என்று தராசை எடுத்தார். அப்போது பார்த்து போன். மாப்பிள்ளை.

"வண்டி ஓடுதா?"

"நல்லா ஓடுதுங்க."

"டீசல் எங்க அடிச்ச?"

"நம்ம ஊர்லதாங்க."

என்ன ஒரு மரியாதை!

இன்ஜின் தெரிந்தவர்கள் யாராவது, நான் எழுதியதில் திருகும் ஃபில்டரும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். டீசல் எங்கே அடித்தோம் என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் சரிபார்க்க வேண்டாம்.