வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்த ஏழாம் எண் மழைக்கோட்டு

ஐப்பசி அடைமழையில் கல்வராயன் மலைக்கு யாராவது போவார்களா? போன வாரம் நான் போனேன். அருவி பார்க்க அல்ல, ஒரு பழைய மழைக்கோட்டின் கையைப் பார்க்க.

கடலூர் துறைமுகத்தை ஒட்டி ஒரு மழைக்கோட்டுத் தொழிற்சாலை இருந்தது. ரப்பர் பூசிய துணியைத் தைத்தால் ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்கும். அதனால் தையல் மேல் பட்டை ஒட்டுவார்கள். ஒட்டியவர் ஓரத்தில் தன் எண்ணைக் குத்த வேண்டும். அங்கே பட்டை ஒட்டிய என் அப்பாவின் எண் ஏழு. மீனவர்களுக்குப் போன கோட்டுகள் 'உள்ளே ஒழுகுது' என்று மூட்டை மூட்டையாகத் திரும்பின. அதில் பாதி ஏழாம் எண். முதலில் அப்பாவின் வேலை போனது. அடுத்த மழைக்குள் தொழிற்சாலையே மூடியது. மிச்சச் சரக்கை வியாபாரிகள் ஊர் ஊராகச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து மழை பெய்தால் எங்கள் வீட்டில் "என் ஒட்டு விடாது" கதைதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெள்ளிமலையில் ஆசிரியராக இருக்கும் நண்பன், ஏழு குத்திய கோட்டு ஒன்றைப் பார்த்துப் படம் அனுப்பினான். வந்தது வினை. "மழைலயே போய் போட்டுப் பாரு. வெயில்ல போனா இன்னா தெரியும்?" என்றார் அப்பா.

காலை 5.10க்குக் கடலூரில் ஏறி, உளுந்தூர்பேட்டையில் மாறி, 8.40க்குக் கள்ளக்குறிச்சி. வெள்ளிமலை பஸ் 9.30 என்றார்கள், 10.50க்கு வந்தது. கேட்டால் நடத்துநர், "மழைல இன்னா சார் அவசரம், ஏறுங்க" என்கிறார். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஜன்னல் ஷட்டர் இறங்க மறுத்தது. நனைந்துகொண்டே மலை ஏறினேன். நண்பனுக்கு அன்றைக்கென்று பயிற்சி வகுப்பு. மூன்று கிலோமீட்டர் சேற்றில் தனியாக நடந்தேன்.

கோட்டுக்காரர் மல்லிகா அக்கா, சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். கோட்டை வாங்கிக் கழுத்துவரை பட்டன் போட்டு, அவர் கொல்லை மேட்டில் இருபது நிமிடம் ஏறி இறங்கினேன். கழற்றினால் சட்டை தொப்பல். இத்தனை வருடம் அப்பா கத்தியதெல்லாம் வீணா என்று கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மல்லிகா அக்கா சிரித்தார். "இப்புடி மூடிக்கினு மேட்டுல ஏறுனா? அது மழ இல்லீங்க, உங்க வேர்வ. நான் பட்டனே போட மாட்டேன்."

நம்பாமல் நின்றேன். கோட்டின் கை நுனியைக் கயிற்றால் கட்டி, உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உத்தரத்தில் தொங்கவிட்டார். டீ குடித்து முடித்தும் தையலில் ஒரு சொட்டு இல்லை.

அப்படியானால் மீனவர்கள் 'ஒழுகுது' என்றதும் வலை இழுத்த வேர்வைதான். அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு நாள் வலை இழுத்துப் பார்க்க அந்தத் தொழிற்சாலையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு: மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள். பஸ் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சிக்னல் எனக்கு வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில்தான் கிடைத்தது. அங்கிருந்து அப்பாவை அழைத்துச் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அக்குள்ல காத்துக்கு ரெண்டு ஓட்டை வுடலாம்னு அப்பவே கம்பெனில சொன்னாங்கடா. தண்ணி எறங்கிடும், என் ஒட்டுக்குக் கெட்ட பேருன்னு நான்தான் வுடல" என்றார்.

திரும்பி வந்ததிலிருந்து மூன்று நாளாகக் கடலூரில் மழை. அப்பா அந்தக் கதையை எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே எடுத்தேன்.

"டிவியப் போடு" என்கிறார்.